கழுத்து மட்டும் போதுமாம்!

"அக்கா, அடுத்த வாரம் ஊட்டி போறீங்கன்னு அம்மா சொன்னாங்க. அங்க யார்கிட்டயாச்சும் காட்டுக்கோழி கழுத்து இறகு கிடைச்சா வாங்கி அனுப்ப முடியுமா? சேவலோடது. கழுத்து மட்டும் போதும்."

காலங்காத்தால, காப்பி கூட உள்ள போகல, வாட்ஸப்ல இது.

கழுத்து மட்டும் போதுமாம். மீதியை அந்தச் சேவலே வச்சுக்கட்டும்னு எவ்வளவு பெரிய மனசு!

அனுப்பினவன் என் சித்தி மகன். பாண்டிச்சேரிக்காரங்களுக்கு விளக்கம் தேவையில்ல, மத்தவங்களுக்காகச் சொல்றேன்: அவங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா, அதாவது சிப்பாய். அதனால குடும்பம் பூரா பிரெஞ்சு பாஸ்போர்ட். தம்பி இப்ப இருக்கறது பிரான்ஸ்ல பிரித்தானி, பிரெஸ்ட் நகரத்துப் பக்கம். அங்க எலோர்ன், அவுல்ன்னு ரெண்டு ஆறு. ரெண்டுலயும் அட்லாண்டிக் சால்மன் ஏறும். சின்ன வயசுல என்கூட தேங்காய்த்திட்டுல தங்கூஸ் நரம்பும் இறால் துண்டுமா உக்காந்திருந்த பையன், இப்ப குளிர்ந்த ஆத்துல இடுப்பளவு தண்ணில நின்னு ஃப்ளை வீசறான்.

ஃப்ளைன்னா ஈ இல்லைங்க. முள்ளுல நூல், இறகு, முடி, ஜிகினா எல்லாம் சுத்திக் கட்டின பொய் இரை. கனம் கிடையாது. அதனால நம்ம ஊர்ல ஈயக்குண்டைச் சுழட்டி எறியற மாதிரி இதை எறிய முடியாது. நரம்பே தடிமனா, கனமா இருக்கும், அந்தக் கனம்தான் ஃப்ளையை இழுத்துக்கிட்டுப் போகும். அது ஒரு தனிக் கலை. அதுல நான் வாய் வைக்கல.

ஆனா எந்த ஃப்ளையைத் தேர்ந்தெடுக்கறதுங்கற விஷயத்துல வாய் வைப்பேன். ஏன்னா இவன் கேட்ட அந்தக் கழுத்து இறகு எதுக்குன்னு தேடப் போய், வேலை வெட்டியெல்லாம் விட்டுட்டு அதுலயே மூழ்கிட்டேன்.

முதல் அதிர்ச்சி இது. அந்த மீன் ஆத்துக்குள்ள வந்ததுக்கு அப்புறம் சாப்பிடவே சாப்பிடாது!

நெஜமாத்தான். அட்லாண்டிக் சால்மன் பொறக்கறது ஆத்துல. குஞ்சா இருக்கற வரைக்கும் அங்கயே பூச்சி புழு தின்னு வளருது. அப்புறம் கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டை போட பொறந்த ஆத்துக்கே திரும்பி வருது. அப்படித் திரும்பும்போது பசி நின்னுடும், வயிறு சுருங்கிடும். கடல்ல சேர்த்த கொழுப்பை வச்சே மாசக்கணக்கா ஓட்டும். (விரதம்னா இது விரதம். நான் சஷ்டிக்கு மத்தியானத்துக்கு மேல தாக்குப் பிடிச்சதில்ல.)

சரி, சாப்பிடாத மீனு ஏன் ஃப்ளையைக் கடிக்குது?

கோவம்னு ஒரு கட்சி. தன் இடத்துல எதுவோ குறுக்க வருதுன்னு எரிச்சல். சின்ன வயசுல பூச்சி தின்ன ஞாபகம்னு இன்னொரு கட்சி. கடல்ல இறாலும் சின்ன மீனும் துரத்தித் தின்ன பழக்கம் விடலன்னு மூணாவது கட்சி. மீனைக் கேட்டாதான் தெரியும்.

இங்கதான் கூத்தே ஆரம்பிக்குது. கொடுவாவுக்கு இரை தேர்ந்தெடுக்கறது சுலபம். அது என்ன திங்குதோ அதைக் காட்டினா போச்சு. அரியாங்குப்பம் ஆத்துல மடவைக்குஞ்சு துள்ளுதா, மடவைக்குஞ்சு மாதிரி ஒரு லூரைக் கட்டு. சாப்பிடவே சாப்பிடாத மீனுக்கு எதைக் காட்டுவ? கேள்விக்குப் பதில் இல்லாத இடத்துல மனுஷன் சும்மா இருப்பானா? விக்டோரியா காலத்து இங்கிலாந்து துரைமார்ங்க அந்த இடத்தை முழுக்க இறகால ரொப்பிட்டாங்க.

ஜாக் ஸ்காட்னு ஒரு ஃப்ளை. 19ஆம் நூற்றாண்டு நடுவுல ஸ்காட்லாந்துல பொறந்தது, சால்மன் ஃப்ளைலயே பேர் போனது. படத்தைத் தேடிப் பாருங்க. சீனத்துத் தங்கக் கோழியோட கொண்டை, தென் அமெரிக்காவோட டூக்கான் நெஞ்சு இறகு, மக்காவ் கிளி வால், வான்கோழி, கானமயில், மயில், வாத்து... பழனிக்குப் போற காவடில கூட இவ்வளவு ஜோடனை இருக்காது. ரெண்டு பக்கமும் கன்னத்துல பொட்டு வச்ச மாதிரி ஒரு இறகு. அதான் நம்ம காட்டுக்கோழி கழுத்து இறகு.

1895ல ஜார்ஜ் கெல்சன்னு ஒருத்தர் 'தி சால்மன் ஃப்ளை'ன்னு தடியா ஒரு புத்தகம் போட்டார். இந்தக் கட்டுக்கு இந்த இறகு, இந்த ஆத்துக்கு இந்தக் கட்டுன்னு ஏகப்பட்ட விதி. எதையும் மாத்தக் கூடாதாம். மீன் கோவிச்சுக்குமாம் போல.

இதைப் படிச்சப்ப எனக்கு தேங்காய்த்திட்டுப் பெரியவர் ஒருத்தர் ஞாபகம் வந்தார். துறைமுக முகத்துவாரத்துல, கருங்கல் மேல உக்காந்து தூண்டில் போடுவார். நான் ஒரு தடவை புதுசா வாங்கின லூர் டப்பாவைத் திறந்து பெருமையா காட்டினேன். பச்சை, ரோஸ், பொன் நிறம், வெள்ளி, கண்ணு வச்சது, கண்ணு வைக்காதது.

அவர் டப்பாவைப் பாக்கவே இல்ல. "ஏம்மா, தண்ணி கலங்கலா தெளிவா? எவ்ளோ பெருசு போடற? எவ்ளோ ஆழத்துல போவுது? அதச் சொல்லு. கலரை அப்பறம் பாக்கலாம்."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் போட்ட எல்லா ஆட்டமும் அந்தக் கேள்விகளுக்குள்ளதான். ஐப்பசி கார்த்திகைல மழைத் தண்ணி செம்மண்ணா இறங்கும்போது சின்ன வெள்ளி லூர் போட்டா ஒண்ணும் தொடாது, மீனுக்குத் தெரிஞ்சாத்தானே. அப்ப பெருசா, கருப்பா, தண்ணில அதிர்வு கொடுக்கற மாதிரி போடணும். தை மாசி தெளிஞ்ச தண்ணில அதே பெருசைப் போட்டா மீன் பயந்து ஓடும். அப்ப சின்னதா, மெல்லிசா, நரம்பும் மெல்லிசா. ஓதம் வடியும்போது ஆத்துல இருந்து சின்ன மீன் வெளிய இழுபடற பக்கம் பாத்து விடணும். கலரு? ஒரே நாள்ல ரோஸுக்கும் கடிச்சிருக்கு, பச்சைக்கும் கடிச்சிருக்கு. ரோஸ் எனக்குப் பிடிக்கும், அதனால ரோஸ் போடறேன்.

வேடிக்கை என்னன்னா, சால்மன்காரங்க இன்னைக்குச் சொல்றதும் பெரியவர் சொன்னதேதான். தண்ணி ஏறி கலங்கலா, குளிரா இருந்தா பெரிய ஃப்ளை, ஆழத்துல, மெதுவா. தண்ணி இறங்கி தெளிஞ்சு, கொஞ்சம் சூடானா சின்ன ஃப்ளை, மேலாப்புல, வேகமா. ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸை எல்லைக்கோடா வச்சுக்கறாங்க. அதுக்குக் கீழ இருந்தா மூழ்கற நரம்பு, ரெண்டு மூணு அங்குல ஃப்ளை. மேல போனா மிதக்கற நரம்பு, எட்டு பத்து பன்னெண்டு நம்பர் முள். (நம்ம ஊர் மாதிரியே அங்கயும் நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். இந்த உலக ஒற்றுமை எனக்குப் பிடிச்சிருந்தது.) எந்தப் பேரு, எந்த இறகுங்கறதெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இன்னும் ஒருத்தர் இருக்கார். ஆர்தர் வுட். ஸ்காட்லாந்துல டீ ஆத்துக் கரையில கேர்ன்டன்ங்கற இடத்துல 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல மீன் பிடிச்சவர். நரம்புக்கு கிரீஸ் தடவி மிதக்க விட்டு, சின்னச் சின்ன ஃப்ளையை தண்ணிக்கு ஒரு அங்குலம் கீழ ஓட விடுவார். இறகெல்லாம் பேருக்குத்தான். ஒரு கட்டத்துல முள்ளோட தண்டுல சிவப்பு பெயின்ட், நீல பெயின்ட் பூசி, அதையே ஃப்ளைன்னு போட்டுப் பிடிச்சார் மனுஷன். ஏழு கண்டத்துப் பறவையையும் ஒரு பிரஷ்ஷால தோக்கடிச்சாச்சு! (அவர் முறையைப் பத்தி 1935ல வந்த புத்தகத்தை எழுதினவர் வச்சுக்கிட்ட புனைபெயர் என்ன தெரியுமா? ஜாக் ஸ்காட். இதுக்கு மேல நான் என்ன சொல்ல.)

இப்ப அந்தக் கழுத்து இறகுக்கு வரேன். இங்கதான் எரிச்சல் போய் எனக்கு ஒரே குஷி.

சாம்பல் காட்டுக்கோழி நம்ம தென்னிந்தியாவோட பறவை. மேற்குத் தொடர்ச்சி மலை, முதுமலை, ஆனைமலைப் பக்கமெல்லாம் விடிகாலைல அதோட குரல் கேக்கும். நாட்டுச் சேவல் மாதிரி நீட்டிக் கூவாது. வெட்டி வெட்டி, பாதில நிறுத்தின மாதிரி இருக்கும். சேவலோட கழுத்து இறகு ஒவ்வொண்ணுலயும் நடுத்தண்டு அகலமாகி, மெழுகு வார்த்த மாதிரி மஞ்சளும் வெள்ளையுமா பளபளன்னு புள்ளி வச்சிருக்கும். வேற எந்தக் கோழிக்கும் இது கிடையாது. இனப்பெருக்கக் காலம் முடிஞ்சதும் அந்த இறகை உதுத்துட்டு, கொஞ்ச நாள் மங்கலா சுத்தும். அப்புறம் மறுபடி முளைக்கும். தண்ணில இந்தப் புள்ளி சின்ன மீனோட கண்ணு மாதிரி தெரியும்னு ஃப்ளை கட்டறவங்க நம்பறாங்க.

இந்தப் பறவைக்கு அறிவியல் பேர் காலஸ் சொனெராட்டி. 1813ல டெம்மிங்க்ங்கற டச்சுக்காரர் வச்சது. யார் ஞாபகமா? பியர் சொனெரா. லியோன்ல பொறந்த பிரெஞ்சுக்காரர், இயற்கை ஆராய்ச்சி, படம் வரையறது எல்லாம் உண்டு. பாண்டிச்சேரிலயும் ஏனாம்லயும் பிரெஞ்சு நிர்வாகத்துல வேலை பாத்தவர்!

ஆமாங்க. நம்ம ஊர்க்காரர்! (இங்க வேலை பாத்தா நம்ம ஊர்க்காரர்தான். துய்ப்ளெக்ஸுக்குக் கடற்கரைச் சாலைல சிலை வச்சிருக்கோம், இவரை மட்டும் விட்டுடுவோமா?)

1782ல பாரிஸ்ல ரெண்டு தொகுதியா அவரோட பயணப் புத்தகம் வந்தது. இந்தியா, சீனா, நம்ம சாமிகள், தொழில்கள், செடி கொடி, பறவைன்னு எல்லாம் இருக்கு. அதுல இந்தக் காட்டுச் சேவலையும் பெட்டையையும் விவரிச்சு, வீட்டுக் கோழிக்கு இதுதான் மூதாதைன்னு சொல்லிட்டார். அப்புறம் வந்த டார்வின், இல்ல, அது செங்காட்டுக்கோழின்னு சொன்னார். சொனெரா தோத்தார்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. 2008ல மரபணுவைப் பாத்தா, வீட்டுக் கோழியோட மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்து வந்திருக்கு! மூதாதைன்னு சொல்ல முடியாட்டியும், சம்பந்தி வழில உறவு உண்டு. அடுத்த தடவை கறிக்கடைல மஞ்சத் தோலோட கோழியைப் பாத்தா சொனெராவை நினைச்சுக்கங்க.

(அவர் சொன்னதையெல்லாம் நம்பிடாதீங்க. நியூ கினிக்குப் போனேன்னு 1776ல ஒரு புத்தகம் எழுதினார். அந்தத் தீவுக்கு அவர் போகவே இல்ல. அங்க பாத்தேன்னு ஆஸ்திரேலியாவோட கூக்கபுராவையும், பத்தாததுக்கு பென்குயினையும் சேர்த்துட்டார். அவரை நம்பி கூக்கபுராவுக்கு நியூ கினி பேரையே அறிவியல் பேரா வச்சு, அது இன்னைக்கும் அப்படியே இருக்கு. நம்ம ஊர்க்காரர்னு சொன்னதைக் கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாமோ?)

ஆக, பாண்டிச்சேரில வேலை பாத்தவர் பேரைத் தாங்கின பறவையோட இறகு, ஸ்காட்லாந்து ஆத்துல சாப்பிடாத மீன் முன்னால நீந்தியிருக்கு. எத்தனை சேவல் கழுத்து போயிருக்கும்னு யோசிச்சா குஷி கொஞ்சம் இறங்கிடுது. தொப்பிக்கும் தூண்டிலுக்கும் இறகு ஏத்துமதி அந்தளவுக்குப் போனதாலதான் 1902லயே பிரிட்டிஷ் இந்திய அரசு பறவைத் தோல், இறகு ஏத்துமதியைத் தடை பண்ணுச்சு. இங்கிலாந்து தன் பங்குக்கு 1921ல இறக்குமதிக்குத் தடைச் சட்டம் போட்டுச்சு. இன்னைக்கு நம்ம 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல காட்டுக்கோழி இருக்கு. வேட்டையாடக் கூடாது, இறகை விக்கறது வாங்கறதும் குத்தம். "மலைக்காரங்க கிட்ட வாங்கி அனுப்பு"ன்னா, மாட்டறது அவங்களும் நானும். தம்பி அங்க ஆத்துல நிப்பான்.

இறகு ஆசை எங்க கொண்டு போய் விடும்னு தெரியணுமா? 2009ல இங்கிலாந்துல ட்ரிங்னு ஒரு ஊர்ல இருக்கற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள்ள ஒரு பையன் ராத்திரில ஜன்னலை உடைச்சுப் புகுந்து 299 பறவைத் தோலைத் திருடிட்டான். சிலது இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் சேகரிச்சது. பையன் லண்டன்ல புல்லாங்குழல் படிச்ச மாணவன், ஃப்ளை கட்டறதுல கில்லாடி. விக்டோரியா காலத்துக் கட்டுக்கு அச்சு அசலா அதே இறகு வேணும்னு துடிக்கறவங்களுக்கு விக்கத்தான். இதுல உச்சகட்ட காமெடி, அந்த மாதிரி ஃப்ளை கட்டறவங்கள்ல நிறைய பேர் அதைத் தண்ணில போடறதே இல்ல. கண்ணாடிச் சட்டத்துல மாட்டி வைக்கறாங்க. மீன் பாவம், வரிசைலயே இல்ல.

தம்பிக்கு நான் போன் பண்ணித்தான் சொன்னேன். (இந்த அளவு திட்டறதுக்கு டைப் பண்ண விரல் தாங்காது.)

"அக்கா, எல்லாரும் போடறாங்கக்கா."

"எல்லாரும் போடறது பண்ணைல வளத்த கோழியோட இறகுடா. உங்க பக்கம் கடைலயே சட்டப்படி கிடைக்கும். விலையைப் பாத்துட்டுத்தானே எனக்கு மெசேஜ் போட்ட?"

மௌனம். அப்புறம் சிரிப்பு.

விலை ஜாஸ்தின்னா பிளாஸ்டிக்ல அச்சடிச்ச கண்ணு இருக்கு. அதுவும் வேணாம்னா வெள்ளை நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு, நடுவுல கருப்புப் பொட்டு. நானே பண்ணிப் பாத்தேன்.

எப்படின்னு சொல்றேன். குபேர் மார்க்கெட் பக்கத்துல வாங்கின நாட்டுச் சேவலோட கழுத்து இறகு (குழம்புக்கு வாங்கினதோட உபரி), தையல் டப்பால இருந்து சிவப்பு நூல், பரிசுப் பொட்டலத்துல இருந்து உருவின ஜிகினா. முள்ளை வீட்டுக்காரரோட சின்ன இடுக்கில பிடிச்சுக்கிட்டு, நூலைச் சுத்தி, இறகைப் படுத்து, ஜிகினாவை மேல விட்டு, முடிச்சு மேல நெயில் பாலிஷ். முதல்ல கட்டினது தண்ணில பட்டதும் தொப்பையா உப்பி, சுத்திச் சுத்தி நரம்பையே முறுக்கிடுச்சு. இறகு ஜாஸ்தி. பாதியாக் குறைச்சேன், சுத்தறது நின்னுச்சு. அப்புறம் மேலேயே மிதந்துச்சு. முன்னால கொஞ்சூண்டு ஈயம் வச்சேன். பொட்டு வச்சதையும் பொட்டு வைக்காததையும் மாத்தி மாத்தி முகத்துவாரத்துல விட்டேன். சீலாக் குட்டி ரெண்டையும் கடிச்சுது, ரெண்டோட இறகையும் பிச்செறிஞ்சுது. பாறைக்குட்டி எதுக்கு வந்துச்சுன்னா, எதை வேகமா இழுத்தேனோ அதுக்கு. பொட்டுக்கு அங்க ஒரு மரியாதையும் கிடைக்கல.

(மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும். அது விசைப்படகுக்கு, கரையில ராடோட நிக்கறவங்களுக்கு இல்ல. வருஷா வருஷம் யாராவது கேக்கறீங்க, அதனால இங்கயே சொல்லிடறேன்.)

சரி, தம்பி டப்பாவுல என்ன இருக்கணும்? எலோர்னை நான் படத்துலதான் பாத்திருக்கேன், ஆனாலும் அக்காவாச்சே, சொல்லாம விடுவேனா.

கருப்புல ஒண்ணு, ஸ்டோட்ஸ் டெய்ல் மாதிரி: கருப்பு முடி, வெள்ளிச் சுத்து, வேற பெருசா ஒண்ணும் கிடையாது. கோடைல தெளிஞ்ச தண்ணிக்கு, பொடி சைஸ்ல. ஆரஞ்சுல ஒண்ணு, அலீஸ் ஷ்ரிம்ப் மாதிரி, இறால் சாயல்ல: மழை பெஞ்சு தண்ணி டீ நிறத்துல வரும்போது. சன்ரே ஷேடோன்னு நீளமா கருப்பு முடி வச்ச ட்யூப் (முள்ளுக்குப் பதிலா சின்னக் குழாய் மேல கட்டறது) ஒண்ணு: சும்மா கிடக்கற மீனை உசுப்பி விட, வேகமா இழுக்க. வசந்தத்துக் குளிர்ல ஆழத்துக்கு, கருப்பு மஞ்சள் ஆரஞ்சு கலந்த வில்லி கன், கனமான ட்யூப்ல. நாலுதான். ஆனா ஒவ்வொண்ணுலயும் பெருசு, நடுத்தரம், பொடிசுன்னு வச்சுக்க. கட்டை மாத்தறதுக்கு முன்னால சைஸை மாத்து. சைஸை மாத்தியும் வரலன்னா ஆழத்தை மாத்து. அதுக்கும் வரலன்னா வீட்டுக்குப் போ, புள்ளைங்க தேடும்.

இது நாலுலயும் காட்டுக்கோழி இல்லாம கட்டலாம். சிலதுல வச்சுக் கட்டறாங்க, அது அவங்க கண்ணுக்கு.

"அப்ப ஊட்டில இருந்து ஒண்ணுமே வேணாமாக்கா?"ன்னு கேட்டான்.

வர்க்கி அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். அதையாவது பிரெஞ்சு சுங்கத்துல விடுவாங்களான்னு அந்தப் பக்கம் இருக்கறவங்க யாராவது கமெண்ட்ல சொல்லுங்க. அப்படியே பெட்டில இடம் இருந்தா, இங்க வரும்போது எனக்கு நல்ல ஃப்ளை கட்டற நூல் ஒரு ரெண்டு கண்டு. தையல் நூல் உப்புத் தண்ணில சீக்கிரம் இத்துப் போகுது.